கழிக்காத அழுத்தம்

பம்பு ஓடவில்லை. வால்வு திறந்துதான் இருந்தது. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நகரவில்லை. ஆனாலும் திரையில், பத்தொன்பதாம் எண் சிலிக்கோன் வார்ப்பின் வயிற்றில், ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் சும்மா இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். ஒன்றும் நடக்காத நேரத்தில் கருவிகளும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வார்ப்பின் மேல் தெளித்திருக்கும் கரும்புள்ளிகளை இரண்டு கேமராக்கள் உற்றுப் பார்க்கும். முதல் படத்தில் எந்தப் புள்ளி எங்கே இருந்தது, அடுத்த படத்தில் எங்கே போனது என்று கணினி கணக்குப் போடும். நகராத இடம் நீலம். கொஞ்சம் விரிந்தால் பச்சை, இன்னும் விரிந்தால் மஞ்சள், கிழியப்போகிற இடம் சிவப்பு. சும்மா தொங்கும் வார்ப்பு மேலிருந்து கீழ்வரை நீலமாகத்தான் இருந்தாக வேண்டும்.

"அண்ணா, மேல யாராவது மெஷின் ஓட்டுறாங்களா?"

மூலையில் குழாய்க்குக் கிளிப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்த பம்பு அண்ணன் தலையைத் தூக்கவில்லை. அங்கிருக்கும் பம்புகளையும் குழாய்களையும் கட்டி மேய்க்கிறவர் அவர்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் பயன்பட்டதில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் எவன் ஓட்டப்போறான்? ஏன்?"

"பம்பை நிறுத்தியும் இது அசையுது. பச்சையா காட்டுது."

"நீ சாப்பிட்டியா? பசி வந்தா எல்லாம் பச்சையாத்தான் தெரியும்."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அந்த அடித்தள அறை முன்னைவிட அமைதியாகிவிட்டது போல் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. குழல்விளக்கின் ரீங்காரம், சுவருக்குள் இறங்கும் கழிவுநீர்க் குழாயின் களகளப்பு, காய்ந்துகொண்டிருக்கும் சிலிக்கோனிலிருந்து வரும் காடி போன்ற புளித்த வாடை. பின்சுவரில் வரிசையாகத் தொங்கின பழைய வார்ப்புகள். நெஞ்சிலிருந்து வயிறு வழியாக இறங்கும் பெருந்தமனி சிலருக்கு ஓரிடத்தில் வலுவிழந்து, பலூன் மாதிரி உப்பிவிடும். அப்படிப்பட்டவர்களின் ஸ்கேனை வைத்து, அதே அளவில் அந்தக் குழாயைச் சிலிக்கோனில் வார்த்து, உள்ளே தண்ணீரை ஏற்றி, எவ்வளவு விரிகிறது, எங்கே கிழிகிறது என்று அளப்பதுதான் அங்கே வேலை. வார்ப்புகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருடையது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி.

பத்தொன்பது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அது அவளுடைய அப்பாவினுடையது.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவரும் அவளும்தான். வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் வீக்கம் தெரியவந்தபோது டாக்டர், "இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும், பாக்கலாம். இப்போதைக்கு ஆபரேஷன்தான் அதைவிட ஆபத்து" என்று சொல்லிவிட்டார். அப்பா படியிறங்கும்போது சிரித்துக்கொண்டே வந்தார். "பக்கவாட்டுல மேடு விட்ட டயரைப் போட்டுக்கிட்டு எந்த டிரைவராவது வண்டிய எடுப்பானா? இவரு எடுக்கச் சொல்றாரு. சரி, மெதுவா ஓட்டுவோம்" என்றார். அவரால் சிரிக்க முடிந்தது. அவளால் அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. அந்த மேடு எவ்வளவு தாங்கும் என்று டாக்டர் சொல்ல மாட்டார். சொல்லும் கருவி அவள் கையிலேயே இருந்தது. ஆகவே பேராசிரியருக்குத் தெரியாமல் அப்பாவின் ஸ்கேனை வரிசையில் நுழைத்து, ஒரு எண்ணையும் போட்டுவிட்டாள்.

அதில் ஒரு குறுக்கு வழியும் போனாள்.

ஸ்கேன் எடுக்கும்போது ஆள் உயிரோடு இருக்கிறார். ரத்தம் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளலில் விரிந்த உருவம்தான் படத்தில் விழும். அதை அப்படியே வார்த்துவிடக் கூடாது. எவ்வளவு தள்ளல் என்று கணக்குப் போட்டு, அதைக் கழித்து, ரத்தமே இல்லாவிட்டால் குழாய் எப்படிச் சுருங்கியிருக்குமோ அந்த உருவத்தைத்தான் வார்க்க வேண்டும். ஆய்வகத்தில் இந்த வேலைக்கு ஒரு கேலிப் பெயர் உண்டு. ஒவ்வொரு வார்ப்புக்கும் முன்னால் பம்பு அண்ணன் கேட்பார்: "உசிரைக் கழிச்சாச்சா?"

அந்தக் கணக்கு ஓடி முடிய ஒரு முழு நாள் பிடிக்கும். அதுவரை எல்லோருக்கும் பொதுவான கணினியில் அது ஓடிக்கொண்டிருந்தால் யாராவது இது எந்த நோயாளி என்று கேட்பார்கள். வார்த்துவிட்டுப் பிறகு கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அண்ணன் கேட்டபோது முகத்தைத் திருப்பாமலே, "ஆச்சு அண்ணா" என்றாள். முந்தாநாள் மத்தியானம் உள்ளச்சாக வைத்து வார்த்திருந்த மெழுகை உருக்கி எடுத்து, வார்ப்புக்கு வெள்ளை பூசி, பல் துலக்கும் பிரஷைக் கருப்புச் சாயத்தில் தோய்த்து விரலால் சுண்டிச் சுண்டிப் புள்ளிகள் தெளித்து, முதல் படத்தை எடுத்தாள். ஒரு சொட்டு மட்டும் கனத்து விழுந்து, உப்பலுக்குக் கீழே தலைப்பிரட்டை மாதிரி வாலோடு வழிந்து நின்றது. துடைக்காமல் விட்டுவிட்டாள். முதல் படத்தில் எது இருக்கிறதோ அதுதான் பூஜ்யம். அதற்குப் பிறகு வரும் எல்லாமே அதிலிருந்துதான் அளக்கப்படும்.

இப்போது அந்தப் பூஜ்யம் அசைந்துகொண்டிருந்தது.

விடாமல் படம் எடுக்கும்படி கேமராக்களை முடுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள். பச்சைத் திட்டு வந்தது, போனது. வந்தது, போனது. மின்விசிறியை நிறுத்தினாள். மாறவில்லை. வந்தது, போனது, வந்தது, பிறகு ஒன்று வராமலே நின்று, அடுத்தது இரண்டு மடங்கு பெரிதாக வந்து விழுந்தது. அந்தத் தவறிய துடிப்பை அவளுக்குத் தெரியும். டாக்டரின் கருவியில் அதைக் கேட்டுவிட்டு அப்பா கண்ணைச் சிமிட்டி, "வண்டி கியர் மாத்துது" என்று சொன்னது காதில் அப்படியே இருந்தது.

எழுந்துபோய்க் குழாய்களைக் கழற்றினாள். தண்ணீரை முழுக்க வடித்தாள். வெறும் வார்ப்பைத் தாங்கியில் தொங்கவிட்டு, கேமராவை நம்பாமல், விரலை அதன் உப்பலில் மெல்ல வைத்தாள்.

அந்த ஈர அறையில் எல்லாமே குளிர்ந்திருந்தன, மேசை, குழாய், அவள் விரல்நுனி கூட. வார்ப்பு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளிருந்து ஏதோ அவள் விரலை மெதுவாகத் தள்ளியது. விட்டது. மறுபடி தள்ளியது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனை எடுத்தாள். அப்பா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லப்பா. சாப்டீங்களா?"

"சாப்பாடு எங்க போகப்போகுது? நீ மழைக்கு முன்னாடி கெளம்பு."

குரலில் ஒரு குறையும் இல்லை. இன்னும் சொல்லப்போனால் இந்த வருடத்தில் அப்பாவின் குரல் இவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை. அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதிக்காக, அலமாரியிலிருந்த பழைய கேமரா ஜோடியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் சண்டை போடுவார்கள். அவளுக்கு அளக்கத்தான் தெரியும். வார்ப்பின் மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். துணி லேசாக ஏறி இறங்குவதை நின்று பார்க்கவில்லை.

"பத்தொன்பது முடியலியே? திங்கட்கிழமை காலையில கிழிஞ்ச அழுத்தம் என்னன்னு பேராசிரியர் கேப்பாரே" என்றார் பம்பு அண்ணன்.

அதைத் தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"நான் பாத்துக்கறேன் அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டை அடையும்போது மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படி விளக்கு எரியவில்லை. மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தால் கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. மேசையில் காலையில் அவள் போட்டுவைத்த டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. பக்கத்தில் மூடியே திறக்காத சாப்பாட்டுப் பாத்திரம்.

"சாப்டேன்னு சொன்னீங்க."

"எங்க சொன்னேன்? சாப்பாடு எங்க போகப்போகுதுன்னுதான் சொன்னேன்." அப்பா சிரித்தார். "பசியே இல்லம்மா. ஆனா உடம்பு சும்மா கும்முனு இருக்கு. பால் வாங்கப் போயிட்டு மூணு மாடியும் ஒரே மூச்சுல ஏறினேன். இல்ல, அந்த ஒரு மூச்சுகூட வாங்கல."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாய்க்கு அருகே கொண்டுபோய், ஹா என்று ஊதி, வேட்டி நுனியால் துடைத்தார். ஊதியதற்கும் துடைத்ததற்கும் இடையில் அந்தக் கண்ணாடியை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதில் ஆவி படியவில்லை.

"அப்பா, சட்டையக் கழட்டிட்டுப் படுங்க. ஒண்ணு பாக்கணும்."

"என்ன, என்னையும் உங்க லேப்ல மாட்டப்போறியா?"

"அஞ்சு நிமிஷம்பா."

அவர் முனகிக்கொண்டே சோபாவில் மல்லாந்தார். முகப்பவுடரை அவர் வயிற்றில் வெள்ளையாகப் பூசினாள். கண்மையை எண்ணெயில் குழைத்து, ஒரு புதிய பிரஷில் தொட்டு, விரலால் சுண்டினாள். பொடிப் பொடியாகப் புள்ளிகள் விழுந்தன. இந்த முறை கனத்த சொட்டு எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதில் அப்பாவின் இடுப்பில் ஒரு விரல் பட்டால் போதும், அவ்வளவு பெரிய மனிதர் குழந்தை மாதிரி கத்திக்கொண்டு சுருண்டுவிடுவார். இப்போது உள்ளங்கை முழுவதும் பட்டும் அவர் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தோல் குளிர்ந்திருந்தது. மழைக் குளிர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"கூசலியாப்பா?"

"இல்லியே." அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது போலும். "நானே உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். படுத்தா வயித்துல டொக்கு டொக்குன்னு ஒண்ணு துடிக்குமில்ல? முந்தாநாள் மத்தியானம் அது நின்னுபோச்சு. அதுலேந்து எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? மேடு வத்திப்போச்சுன்னு நெனைக்கிறேன்."

முந்தாநாள் மத்தியானம். வார்ப்பின் முதல் படத்தை அவள் எடுத்த நேரம். கேமராக்களைத் தாங்கியில் நிறுத்தினாள். மடிக்கணினியைத் திறந்து, முதல் படத்தை எடுத்தாள்.

"இப்ப சும்மா பேசிக்கிட்டே இருங்கப்பா."

அப்பா பேசினார். பிரேக் பிடிக்காத ஒரு வண்டியை மலைப்பாதையில் இறக்கிய கதை. அவள் நூறு தடவை கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மழை இரைந்தது, கீழே தெருவில் ஒரு லாரி கடந்துபோனது, அதன் அதிர்வில் டீக் கோப்பை தட்டோடு உரசிக் கிணுகிணுத்தது, சோபாவின் மரக்கால்கூட லேசாக நடுங்கியது. அவள் திரையைப் பார்த்தாள்.

நீலம்.

தொப்புளிலிருந்து நெஞ்சுக்குழி வரை ஒரே நீலம். அசையாத இரும்புத் தகட்டை அளந்தால்கூட ஓரத்தில் ஒரு சிறு பிசிறாவது தெரியும். இதில் அதுவும் இல்லை. பேசுகிற மனிதனின் வயிறு. சிரிக்கிற மனிதனின் வயிறு. ஒரு புள்ளிகூட நகரவில்லை.

"…அப்ப கண்டக்டர் கேக்கறான், அண்ணே, நம்ம நிக்கிறோமா போறோமான்னு…"

அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பாசத்தோடு பிடிப்பதாக நினைத்து அவர் அவள் விரல்களைத் திருப்பிப் பற்றிக்கொண்டார். அவள் கட்டைவிரலை நகர்த்தி நாடித் துடிப்பைத் தேடினாள். இங்கே இல்லை. இங்கேயும் இல்லை. எங்கேயும் இல்லை.

அப்பா கண்ணை இமைத்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

போன் அடித்தது.

"தங்கச்சி!" பம்பு அண்ணன். பின்னால் குழல்விளக்கின் அதே ரீங்காரம். "கோச்சுக்காத. நீ மொகம் வாடிப் போனியே, உன் வேலைய முடிச்சு வைக்கலாம்னு பத்தொன்பத மாட்டிட்டேன். கிழியற வரைக்கும் ஏத்தி…"

"நிறுத்துங்க! அண்ணா, நிறுத்துங்க! வால்வத் திறங்க, தண்ணிய எறக்குங்க!"

அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"அதுக்குத்தான் போன் பண்ணேன். பாதியிலேயே என்னமோ சரியில்லன்னு தோணிச்சு. பம்ப எப்பவோ நிறுத்திட்டேன். வால்வும் திறந்தாச்சு. தண்ணி பூரா வடிஞ்சு தரையெல்லாம் ஈரம். உள்ள ஒண்ணுமே இல்ல தங்கச்சி." அவர் குரல் உடைந்தது. "ஆனா உப்பிக்கிட்டே போகுது."

"அட" என்றார் அப்பா. "மறுபடி துடிக்குதும்மா."

அவள் திரும்பினாள்.

திரையில் நீலத்தின் நடுவே ஒரு பச்சைத் திட்டு. அது போகவில்லை. வந்து, வந்து, நின்றது. பரவியது. ஓரங்களில் பச்சை, நடுவில் மஞ்சள்.

"அப்பா. எந்திரிக்காதீங்க. அசையாதீங்க."

"நான் எங்கம்மா அசையறேன்?"

"அண்ணா, அதக் கழட்டுங்க. கையால பிடிங்க. அழுத்திப் பிடிங்க…"

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். சுடுது தங்கச்சி. என் கையத் தள்ளுது. இது… இது யாருது?"

அவள் போனைக் கீழே போட்டுவிட்டு அப்பாவின் மேல் குனிந்தாள். வெள்ளைப் பவுடரின் மேல் கரும்புள்ளிகள். அவள் சற்று முன் தெளித்தவைதான். ஆனால் அவற்றின் நடுவே, தொப்புளுக்குச் சற்று மேலே, அவள் இங்கே போடவே போடாத ஒரு சொட்டு இருந்தது. கனத்த சொட்டு. தலைப்பிரட்டை மாதிரி வாலோடு வழிந்த சொட்டு. விரலால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அது தோலுக்கு மேலே இல்லை.

"என்னம்மா அழற?" அப்பா தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தார். அதன் வெளிச்சம் அவர் கண்ணாடியில் விழுந்தது. கலர் மாறுவதை ஒரு குழந்தை பார்ப்பதைப் போலப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. செவப்பா வருதே. செவப்பு வந்தா நல்லதா?"

இரண்டு உள்ளங்கைகளையும் அவர் வயிற்றின் மேல் வைத்துத் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள். தரையில் கிடந்த போனில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் விரல்களின் இடுக்கில் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கின. வாலுள்ள அந்தச் சொட்டு நீண்டது. இன்னும் நீண்டது. அப்பா பதிலுக்காகச் சிரித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.